பத்து நாள் நோட்டீஸ்: கட்டலோனியத் தொழிற்சங்கங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2017-ல் நடந்த தனிநாட்டு வாக்கெடுப்பும் அதை ஒட்டிய வேலைநிறுத்தங்களும் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: 2017 அக்டோபர் 1-ல் வாக்குச்சாவடிகளில் போலீஸ் மக்களை அடித்தது. இரண்டே நாளில், அக்டோபர் 3-ல், ஊரே ஸ்தம்பித்த வேலைநிறுத்தம். அரசியல் நோக்கத்துக்கு வேலைநிறுத்தம் செய்வது ஸ்பெயினில் சட்டவிரோதம் என்கிறார்கள். அப்படியென்றால் அது எப்படி நடந்தது?

பதில்: அடி விழுந்த பிறகு அழைத்த வேலைநிறுத்தம் அல்ல அது. நோட்டீஸ் முன்பே கொடுத்தாகிவிட்டது. இதைப் புரிந்துகொள்ளாமல் மற்ற எதையும் புரிந்துகொள்ள முடியாது.

ஸ்பெயினில் வேலைநிறுத்தத்தை இன்றும் ஆள்வது 1977 மார்ச் 4-ல் வந்த ஓர் அவசரச் சட்டம், எண் 17/1977. ஃபிராங்கோ இறந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகாத காலம். அரசியல் சட்டமே அடுத்த ஆண்டு டிசம்பரில்தான் வந்தது. அதன் 28-வது பிரிவு வேலைநிறுத்த உரிமையைத் தந்து, விவரங்களைத் தனிச் சட்டத்துக்கு விட்டது. அந்தத் தனிச் சட்டம் இன்றுவரை வரவில்லை. 1981 ஏப்ரல் 8-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் பழைய அவசரச் சட்டத்தில் கத்தரி வைத்துச் சில வரிகளை நீக்கியது. மிச்சத்தைத்தான் எல்லோரும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதில் மூன்று இடங்கள் நமக்கு முக்கியம். தனியார் நிறுவனமென்றால் 5 நாள் முன்னதாக நோட்டீஸ். பொதுச் சேவை, அதாவது ரயில், பஸ், மருத்துவமனை, பள்ளி என்றால் 10 நாள். நோட்டீஸில் நான்கு விஷயம் இருந்தாக வேண்டும்: எதற்காக, பிரச்சினையைத் தீர்க்க இதுவரை என்ன செய்தோம், எந்தத் தேதியில் தொடக்கம், போராட்டக் குழுவில் யார் யார். குழு 12 பேரைத் தாண்டக் கூடாது. கடைசியாக 11-வது பிரிவு. அரசியல் காரணத்துக்காகவோ தொழிலாளியின் தொழில் நலனுக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காகவோ நடத்தினால் அது சட்டவிரோதம்.

இப்போது தேதியைக் கணக்குப் போடுங்கள். செப்டம்பர் 20-ல் ஸ்பெயினின் சிவில் கார்டு படை கட்டலோனிய அரசின் பொருளாதாரத் துறை அலுவலகத்தில் புகுந்து சோதனை போட்டது, அதிகாரிகளைக் கைது செய்தது. அதற்குப் பிறகுதான் சி.ஜி.டி., இன்டர்சிந்திகால், ஐ.ஏ.சி., கோஸ் ஆகிய சிறிய சங்கங்கள் நோட்டீஸைப் பதிவு செய்தன. பொதுச் சேவைக்கான பத்து நாளைக் கூட்டினால் அக்டோபர் முதல் வாரத்தில் வந்து நிற்கும். ஒன்றாம் தேதி என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அது நடந்தபோது செல்லுபடியாகும் ஒரு நோட்டீஸ் தயாராகக் கையில் இருந்தது. ஒன்றாம் தேதி இரவு உட்கார்ந்து எழுதியிருந்தால் பொதுச் சேவையில் 11-ம் தேதிக்கு முன்னால் ஓர் ஆள்கூடச் சட்டப்படி வேலையை நிறுத்தியிருக்க முடியாது. அதற்குள் கோபம் ஆறிப் போயிருக்கும்.

"எதற்காக" என்ற இடத்தில் சுதந்திரம், வாக்கெடுப்பு என்ற சொற்களை எழுதக் கூடாது. எழுதினால் மறுநாளே முதலாளிகள் சங்கம் நீதிமன்ற வாசலில் நிற்கும். வேலைப் பாதுகாப்பு, தொழிலாளர் சட்டத் திருத்தங்களை ரத்து செய்வது, பணியிடத்தில் உரிமை மீறல் என்று தொழில் நலனில் ஊன்றியே எழுத வேண்டும். பொய் எழுதச் சொல்லவில்லை. உண்மையிலேயே இருக்கும் ஒரு தொழில் குறையை முன்னால் நிறுத்தச் சொல்கிறோம். இடறி விழுகிற இடம் பெரும்பாலும் இரண்டாவது அம்சம்தான். "தீர்க்க என்ன செய்தீர்கள்" என்பதற்கு ஒரு கடிதமோ பேச்சுவார்த்தைக் குறிப்போ இல்லையென்றால் தொழில் குறை வெறும் முகமூடி என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார், நீதிபதியும் நம்புவார்.

கேள்வி: பெரிய சங்கங்களான சி.சி.ஓ.ஓ.வும் யு.ஜி.டி.யும் அன்று பொது வேலைநிறுத்தத்துக்கு அழைக்காமல் "நாடு தழுவிய நிறுத்தம்" என்று வேறு பெயர் வைத்தது ஏன்? இது துரோகம் இல்லையா?

பதில்: துரோகம் என்று எழுதியவர்கள் நிறையப் பேர். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம்.

பார்சிலோனாவைச் சுற்றியுள்ள ஹோஸ்பிதாலெத், பாஷ் லியோப்ரகாத் போன்ற தொழில் பகுதிகளைச் 'சிவப்பு வளையம்' என்பார்கள். 1950-களிலிருந்து 70-கள் வரை ஆந்தலூசியா, எக்ஸ்திரமதூரா, மூர்சியா பகுதிகளிலிருந்து பிழைக்க வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அங்கே நிரம்பிக் கிடக்கிறார்கள். வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். உறவுக்காரர்கள் செவில்லாவில். இவர்களும் கட்டலான் பேசும் ஆசிரியைகளும் ஒரே சங்கத்தில் சந்தா கட்டுகிறார்கள். ஒரே அசெம்பிளி லைனில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேரில் ஒருவர் தனிநாட்டுக்கு ஓட்டுப் போட்டவர், இன்னொருவர் அந்த வாக்கெடுப்பே செல்லாது என்பவர். அடுத்த ஆண்டு கூலி ஒப்பந்தத்துக்கு இருவர் கையும் ஒன்றாக உயர வேண்டும். சங்கத் தலைமைக்கு இதுதான் தலைவலி.

அதனால் அவர்கள் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டார்கள். மக்கள் முடிவு செய்யும் உரிமைக்கு ஆதரவு. 2013-லும் 2016-லும் அதற்காக உருவான கூட்டு அமைப்புகளில் சேர்ந்தார்கள். ஒருதலைப்பட்சமாகத் தனிநாடு அறிவிப்பதற்கு எதிர்ப்பு. போலீஸ் அடித்ததற்கும், மாநில ஆட்சியை மத்திய அரசு கையில் எடுக்க வழிதரும் அரசியல் சட்டத்தின் 155-வது பிரிவில் கட்டலோனிய ஆட்சியைக் கலைத்ததற்கும், தனிநாட்டு இயக்கத் தலைவர்களை விசாரணைக்கு முன்பே சிறையில் வைத்ததற்கும் எதிர்ப்பு. அக்டோபர் 3 'நிறுத்தம்' இந்தக் கோட்டில் வந்தது. சிறு முதலாளிகளின் அமைப்பான பிமெக்கும் அதில் சேர்ந்தது. நிர்வாகத்தோடு பேசி, சில மணி நேரம் வேலையை நிறுத்துவது; அந்த நேரத்தைப் பிறகு வேலை செய்து ஈடுகட்டுவது, அல்லது நிர்வாகமே விட்டுக்கொடுப்பது என்று இடத்துக்கு இடம் ஏற்பாடு. சட்டப்படி இது வேலைநிறுத்தமே இல்லை.

நடைமுறையில் இந்த இரட்டை ஏற்பாடு குழப்பத்தையும் கொடுத்தது, பாதுகாப்பையும் கொடுத்தது. நிர்வாகம் ஒத்துக்கொண்ட இடத்தில் 'நிறுத்தம்'. ஒத்துக்கொள்ளாத இடத்தில் சிறிய சங்கங்கள் கொடுத்த நோட்டீஸின் கீழ் வேலைநிறுத்தம். நோட்டீஸ் கொடுத்த சங்கத்தில் நீங்கள் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை; சி.சி.ஓ.ஓ. அட்டை வைத்திருப்பவரும் அதைப் பயன்படுத்தலாம். வேலைநிறுத்த உரிமை தனி ஆளுடையது, அழைக்கும் உரிமைதான் சங்கத்துடையது. அன்று பார்சிலோனாத் தெருக்களில் ஏழு லட்சம் பேர் என்றது நகரப் போலீஸ். பார்சிலோனாக் கால்பந்துக் கழகமும் கதவைச் சாத்தியது. இரவு ஒன்பது மணிக்கு மன்னர் ஆறாம் ஃபெலிப்பே தொலைக்காட்சியில் வந்து கட்டலோனிய அரசைக் கண்டித்தார். ஒன்றாம் தேதி அடிபட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பெரிய சங்கங்களை நாங்கள் குறை சொல்வது ஒரு விஷயத்தில்தான். 2018 ஏப்ரல் 15-ல் சிறையில் இருந்தவர்களை விடுவிக்கக் கோரிய பார்சிலோனாப் பேரணிக்கு அவை போனது சரி. ஆனால் உறுப்பினர்களிடம் முன்கூட்டிப் பேசி முடிக்கவில்லை. "என் சந்தாவில் இதற்குப் போவதா" என்று உள்ளேயிருந்து எழுந்த எதிர்ப்பைப் பிறகு மாதக்கணக்கில் சமாளிக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: ஒரு நாள் வேலைநிறுத்தத்தில் ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு போகும்?

பதில்: பலர் நினைப்பதைவிட அதிகம், பல கணக்குப் பிரிவுகள் பிடிப்பதைவிடக் குறைவு.

உதாரணத்துக்கு மாதம் 1,500 யூரோ, ஆண்டுக்கு 14 சம்பளம். ஸ்பெயினில் இரண்டு கூடுதல் சம்பளம் உண்டு. ஒரு நாள் சம்பளம் 1,500-ஐ 30-ஆல் வகுத்தால் 50. அதோடு வார ஓய்வின் பங்கும் போகும்: ஐந்து நாள் வேலைக்கு இரண்டு நாள் ஓய்வு, ஒரு நாளுக்கு 0.4, அது 20 யூரோ. கூடுதல் சம்பளம் 3,000-ஐ 365-ஆல் வகுத்து 1.4-ஆல் பெருக்கினால் சுமார் 11.50. ஆக 81.50 யூரோ.

தவறு நடப்பது இங்கே. சில கம்பெனிகள் ஆண்டுச் சம்பளம் 21,000-ஐ வேலை மணிக் கணக்கால், உதாரணத்துக்கு 1,750-ஆல், வகுத்து எட்டு மணிக்கு 96 யூரோ என்று பிடிக்கும். அந்த 21,000-க்குள் ஆண்டு விடுமுறைச் சம்பளமும் பண்டிகை நாள் சம்பளமும் அடக்கம். அவற்றில் கை வைக்க உரிமையில்லை. சம்பளச் சீட்டில் தொகை பெரிதாகத் தெரிந்தால் எதால் வகுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

வேலைநிறுத்த நாளில் சமூகப் பாதுகாப்புச் சந்தா இரு தரப்பிலும் கட்டப்படாது, ஆனால் பதிவு 'சிறப்பு நிலை'யில் தொடரும். வேலைநிறுத்தம் நடக்கும்போது புதிதாக நோய்வாய்ப்பட்டால் அந்த நாட்களுக்கு நோய்ப்படி கிடையாது. ஒரு நாள் போராட்டத்தில் இது பெரிதில்லை, நீண்டதில் கடிக்கும்.

கேள்வி: துறைமுகத் தொழிலாளர்கள் போலீஸ் தங்கிய கப்பல்களுக்கு வேலை செய்ய மறுத்தார்களாமே? அது வேலைநிறுத்தமா?

பதில்: வாக்கெடுப்பைத் தடுக்க மத்ரித், அதாவது ஸ்பெயினின் மத்திய அரசு, ஆயிரக்கணக்கான போலீசாரை அனுப்பியது. தங்க இடம் போதாமல் பயணிகள் கப்பல்களை வாடகைக்கு எடுத்துத் துறைமுகங்களில் கட்டிவைத்தார்கள். பார்சிலோனாவில் நின்ற 'மோபி தாதா' என்ற கப்பலின் பக்கவாட்டில் ட்வீட்டி என்ற மஞ்சள் கார்ட்டூன் குருவியின் பிரம்மாண்டமான படம். மொத்தப் போலீஸ் நடவடிக்கைக்கும் அந்தக் குருவியின் ஸ்பானிஷ் பெயரான 'பியோலின்' பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. அரசு வெட்கப்பட்டுப் படத்தைத் தார்ப்பாய் போட்டு மறைத்தது. மறைத்த பிறகுதான் உலகம் முழுக்கச் சிரித்தார்கள்.

செப்டம்பர் 21-ல் பார்சிலோனா ஸ்டீவடோர்கள் (கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குபவர்கள்) கூட்டம் போட்டு, அந்தக் கப்பல்களுக்கு எந்த வேலையும் செய்வதில்லை என்று முடிவெடுத்தார்கள். தாராகோனாத் துறைமுகமும் அதையே செய்தது. நோட்டீஸ் கொடுத்த வேலைநிறுத்தம் அல்ல, புறக்கணிப்பு. சட்டக் கண்ணோட்டத்தில் பலவீனமானது: ஒதுக்கிய வேலையைச் செய்யாவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை வரலாம். ஆனால் பயணிகள் கப்பல் கரையில் சும்மா நிற்க ஸ்டீவடோர்களின் கை அதிகம் தேவையில்லை; கப்பல்களும் நின்றுகொண்டுதான் இருந்தன. அதனால் இரு தரப்புக்கும் இழப்பு குறைவு, செய்தி பெரிது. அதே ஆண்டில் துறைமுக வேலைமுறையை மாற்றும் அரசாணையை எதிர்த்து இதே தொழிலாளர்கள் இதே அரசோடு மோதியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சங்கம் ஏற்கெனவே சூடாக இருந்தது.

கேள்வி: 2017 நவம்பர் 8 வேலைநிறுத்தம் வெற்றியா தோல்வியா?

பதில்: தொழிற்சாலைக்குள் தோல்வி, சாலையில் வெற்றி.

அன்று அழைத்தது இன்டர்சிந்திகால். தனிநாட்டுக் கொள்கை கொண்ட, அளவில் சிறிய சங்கம். நோட்டீஸுக்குக் கிடைத்த தொழில் காரணம் தங்கத் தட்டில் வந்தது. அக்டோபர் 6-ல் மத்ரித் 15/2017 என்ற அவசரச் சட்டத்தைப் போட்டு, பங்குதாரர் கூட்டமே இல்லாமல் நிர்வாகக் குழு மட்டும் பதிவு அலுவலகத்தை வேறு ஊருக்கு மாற்றலாம் என்றது. கைஷாபேங்க் அன்றே வலென்சியாவுக்கு மாறியது. சபாதெல் வங்கி அதற்கு முந்தைய நாளே அலிகாந்தேக்கு என்று முடிவெடுத்திருந்தது. சில மாதங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பலகையை மாற்றின. பெரும்பாலும் பலகை மட்டும்தான். ஆட்களும் மேசைகளும் இருந்த இடத்திலேயே. சபாதெல் 2025 ஜனவரியில் திரும்பி வந்தது. ஆனாலும் 'என் வேலை நாளை எங்கே' என்ற பயம் உண்மையானது. அது தொழில் நலனுக்குள் வரும்.

பெரிய சங்கங்கள் சேரவில்லை. தொழிற்சாலைகள் ஓடின, கடைகள் பாதிக்கு மேல் திறந்தன. நெடுஞ்சாலைகளையும் அதிவேக ரயில் பாதையையும் அடைத்தவர்கள் பெரும்பாலும் ஊர்வாரியான குடியரசுப் பாதுகாப்புக் குழுக்கள். இதற்குப் பின்விளைவு உண்டு. மறியலில் மாட்டி வேலைக்குத் தாமதமாக வந்தவர் வேலைநிறுத்தக்காரர் அல்ல. சம்பளம் பிடித்தாலும் திட்டுவது சங்கத்தை. 2019 அக்டோபர் 18-ல், தலைவர்களுக்கு 9 முதல் 13 ஆண்டு சிறை என்று தீர்ப்பு வந்த வாரத்தில், இன்டர்சிந்திகாலும் ஐ.ஏ.சி.யும் அழைத்த வேலைநிறுத்தத்திலும் இதே நிலைதான். ஐந்து லட்சத்துக்கு மேல் பார்சிலோனாவில் நடந்தார்கள். தொழிற்சாலைகளில் தாக்கம் குறைவு, கல்வியில் கூடுதல்.

இன்னொன்றைக் கவனியுங்கள். பொதுச் சேவையில் 'குறைந்தபட்ச சேவை' எவ்வளவு ஓட வேண்டும் என்று நிர்ணயிப்பது கட்டலோனியத் தொழிலாளர் துறை. அக்டோபர் 3-ல் அந்தத் துறை போராட்டத்தை ஆதரித்த அரசின் கையில். நவம்பர் 8-ல் 155-வது பிரிவின்படி அதே துறை மத்ரித் கையில். சட்டம் ஒன்றுதான், நாற்காலியில் வேறு ஆள்.

கேள்வி: மறியலுக்குச் சிறைத் தண்டனை உண்டா?

பதில்: இருந்தது. தண்டனைச் சட்டம் 315-வது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு, பிறரை வேலைநிறுத்தத்துக்குக் 'கட்டாயப்படுத்துவதை' தனிக் குற்றமாக வைத்திருந்தது. 2010, 2012 பொது வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு அதன்கீழ் முந்நூறு பேர்வரை வழக்கில் இழுக்கப்பட்டார்கள். ஹெதாஃபே விமானத் தொழிற்சாலையின் எட்டுப் பேருக்குத் தலா எட்டு ஆண்டு கேட்ட அரசுத் தரப்பு, 2016 பிப்ரவரியில் தோற்றது. 2021 ஏப்ரலில் உட்பிரிவே நீக்கப்பட்டது. பொதுவான 'வற்புறுத்தல்' குற்றம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்று அதிகம் கடிப்பது 'வாய்ப்பூட்டுச் சட்டம்' என்று பெயரெடுத்த பொதுப் பாதுகாப்புச் சட்டம், எண் 4/2015. நீதிபதி தேவையில்லை, நிர்வாகமே அபராதம் போடும்: சிறு மீறலுக்கு 100 முதல் 600 யூரோ, கடுமையானதற்கு 601 முதல் 30,000 வரை. ஒரு ஆளிடம் போலீஸ் அடையாள அட்டை கேட்டு மறுத்தாலே கடுமையானதில் சேரும். அதனால் மறியலுக்குப் போகிறவர் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். வாக்குவாதத்தை வக்கீலிடம் விட வேண்டும். வாசலில் நின்று துண்டறிக்கை கொடுக்கலாம், பேசலாம், கருங்காலி என்று கோஷம் போடலாம். கதவை உடலால் அடைத்தால் கதை வேறு.

கேள்வி: பாஸ்க் நாட்டில் தேசியவாதச் சங்கங்கள்தான் பெரியவை. கட்டலோனியாவில் ஏன் இல்லை?

பதில்: ஒரு பகுதி வரலாறு, ஒரு பகுதி 15 சதவீதம். 1985-ன் சங்கச் சுதந்திரச் சட்டப்படி ஒரு மாநிலத்துக்குள் மட்டும் இயங்கும் சங்கம் அங்குள்ள தொழிலாளர் பிரதிநிதிகளில் 15 சதவீதத்தையும், எண்ணிக்கையில் குறைந்தது 1,500 பேரையும் பிடித்தால் 'மிகப் பிரதிநிதித்துவம் கொண்ட' சங்கம். அரசுடன் மேசையில் உட்காரும் இடம், எல்லாத் துறையிலும் ஒப்பந்தம் பேசும் உரிமை எல்லாம் அதோடு வரும். பாஸ்கில் எலா, லாப் இரண்டும், கலீசியாவில் சி.ஐ.ஜி.யும் இதைத் தாண்டியவை. கட்டலோனியாவில் எதுவும் தாண்டவில்லை.

1911-ல் பிறந்த எலாவிடம் இன்னொரு ஆயுதம்: சந்தாவில் கால் பங்கு போராட்ட நிதிக்குப் போகிறது. ஒரு நாள் அல்ல, மாதக்கணக்கில் வெளியே நிற்க முடிவது அதனால்தான்.

அடக்குமுறை அங்கே நேராகவே சங்க வாசலுக்கு வந்தது. 2009 அக்டோபரில் லாப் சங்கத்தின் தலைமையகத்திலேயே போலீஸ் புகுந்து பாஸ்க் விடுதலை இயக்கத் தலைவர் அர்னால்தோ ஒதெகியையும் லாபின் முன்னாள் பொதுச்செயலர் ரஃபா தியெஸ் உசாபியாகாவையும் கைது செய்தது. இருவருக்கும் பத்தாண்டு, பிறகு ஆறரையாகக் குறைந்தது. விசாரித்த நீதிமன்றம் நடுநிலையாக இல்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2018-ல் சொன்னபோது அவர்கள் தண்டனையை அனுபவித்து முடித்திருந்தார்கள்.

கேள்வி: 1934-ல் கட்டலோனிய அரசு மத்ரித்துக்கு எதிராக எழுந்தபோது சி.என்.டி. ஒதுங்கி நின்றதாகப் படித்தேன். புரியவில்லை.

பதில்: அக்டோபர் 6 இரவு கட்டலோனிய அரசின் தலைவர் லூயிஸ் கொம்பானிஸ் 'ஸ்பானியக் கூட்டாட்சிக் குடியரசுக்குள் கட்டலான் அரசு' என்று அறிவித்தார். விடிவதற்குள் ஜெனரல் பாதெத்தின் படை முடித்துவிட்டது. பார்சிலோனாவின் மிகப் பெரிய சங்கமான சி.என்.டி. வரவில்லை. காரணம் சிக்கலானது இல்லை: அந்தக் கட்டலோனிய அரசுதான் அவர்கள் அலுவலகங்களைப் பூட்டி, ஆட்களைப் பிடித்து, பத்திரிகையை முடக்கி வைத்திருந்தது. அதே வாரத்தில் அஸ்தூரியாஸில் சி.என்.டி., யு.ஜி.டி.யோடு கைகோத்து இரண்டு வாரம் சண்டை போட்டது.

இதில் மனத்தை அறுக்கும் பகுதி கொம்பானிஸ்தான். அவர் சி.என்.டி. தொழிலாளர்களுக்கு வாதாடிய வக்கீல். 1920 நவம்பரில் சங்கத் தலைவர் சால்வதோர் செகியோடு சேர்த்து மெனோர்காத் தீவின் மாவோன் கோட்டைக்கு அனுப்பப்பட்டவர். அவரைக் காப்பாற்றக் கிளம்பிய நண்பர் வக்கீல் ஃபிரான்செஸ்க் லைரெத் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொம்பானிஸின் ஆட்சியில்தான் சங்க அலுவலகத்துக்குப் பூட்டு விழுந்தது.

கேள்வி: 2024 பொதுமன்னிப்புச் சட்டத்தால் தொழிற்சங்கத்தினருக்கு என்ன கிடைத்தது?

பதில்: 2011 நவம்பர் 1 முதல் 2023 நவம்பர் 13 வரை தனிநாட்டு இயக்கத்தோடு தொடர்புள்ள செயல்களுக்கு மட்டும் அது பொருந்தும். 2017, 2019 வேலைநிறுத்த நாட்களில் சாலை மறியலுக்கு வழக்கோ அபராதமோ வாங்கியவர் அதன்கீழ் மனுப் போடலாம். தொடர்பைக் காட்டுவது மனுதாரர் பாடு: தேதி, இடம், போலீஸ் குறிப்பு மூன்றும் கையில் இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், 2017-ல் 'இது தொழில் பிரச்சினைதான்' என்று நோட்டீஸில் நிறுவிய அதே ஆள் இப்போது 'இது தனிநாட்டு இயக்கத்தோடு சேர்ந்ததுதான்' என்று காட்ட வேண்டும்.

வெறும் கூலிப் போராட்டத்துக்கு இதில் இடமில்லை. ஹிகோன் நகரில் ஒரு பேக்கரி முன்னால், அங்கே வேலை செய்த பெண்ணுக்காகப் போராடிய ஆறு சி.என்.டி. உறுப்பினர்கள் 2025 ஜூலையில் மூன்றரை ஆண்டுத் தண்டனையோடு சிறைக்குள் போனார்கள்.